மட்டக்களப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா, முதலில் சந்தைக்குப் போங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ கல்யாணமாகியோ மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்து குடியேறியிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஏசி போட்ட கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கிப் பழகிவிடாதீர்கள். களுவாஞ்சிக்குடி, செங்கலடி, வாழைச்சேனை போன்ற ஊர்களில் பொதுச் சந்தை இருக்கிறது. வாராந்தச் சந்தை ஊருக்கு ஊர் வேறு கிழமையில் கூடும், பக்கத்து வீட்டில் கேட்டால் உடனே சொல்வார்கள். கூடுமானவரை விடிந்ததும் போய்விடுங்கள்.

சந்தையில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. உள்ளே மேசையில் அழகாக அடுக்கியிருக்கும் கேரட், லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் மலைநாட்டில் விளைபவை, பெரும்பாலும் தம்புள்ளை மொத்தச் சந்தை வழியாக லொறியில் வந்து இறங்குபவை. வெளியே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களிடம் இரண்டு மூன்று சாமான்தான் இருக்கும். கத்தரிக்காய் ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருக்கும், கீரைக்கட்டில் வேர் மண்கூட காய்ந்திருக்காது, பயற்றங்காய், வெண்டிக்காய், பூசணி, மரவள்ளிக் கிழங்கு, சில நாளில் ஒரு குவியல் தேசிக்காய் (எலுமிச்சை). அதுதான் சொந்தத் தோட்டத்துச் சரக்கு, முதலில் அங்கே வாங்குங்கள். வாவிக்கு, அதாவது மட்டக்களப்புக் கடலேரிக்கு, மேற்கே இருக்கும் படுவான்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பலர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் முன்பெல்லாம் மண்முனைத் துறையில் அக்கரை சேர்க்கும் படகுப் பாதைக்குக் (மிதவைப் படகுக்கு) காத்துநிற்க வேண்டியிருந்தது, 2014-ல் பாலம் திறந்த பிறகுதான் மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே வர முடிகிறது. வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள், ஒரு கட்டுக் கீரைக்கு அவர்களிடம் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்கிப் பாருங்கள், "இது நேற்றுப் பறித்தது அக்கா, வேண்டாம்" என்று அவர்களே சொல்வார்கள்.

மழையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். தோட்டம் தண்ணீரில் நின்றால் சாக்குக்காரர்கள் குறைந்துபோவார்கள், விலையும் ஏறும். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

எருமைத் தயிரை விட்டுவிடாதீர்கள். மண்சட்டியில் உறைய வைப்பதால் தண்ணீரைச் சட்டியே இழுத்துக்கொள்ளும், தயிர் கெட்டியாக நிற்கும். லேசாகச் சாய்த்துப் பாருங்கள், மேலே தண்ணீர் தேங்கியிருந்தால் வேறு சட்டி கேளுங்கள். நம் ஊர் வழக்கப்படி உப்புப் போட்டுப் பிசைவது இருக்கட்டும், ஒரு தடவை வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். மீன் வாங்கும்போது வாவி மீனா கடல் மீனா என்று கேட்டு வாங்குங்கள், ருசி வேறு வேறு. வாவி இறாலும் நண்டும் நன்றாக இருக்கும்.

அப்புறம் சில்லறை. காலையில் 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் கீரைக்காரம்மா என்ன செய்வார், 20, 50, 100 தாள்களாகக் கொண்டுபோங்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் கடைக்காரர்களை நானா (அண்ணன்) என்று கூப்பிடலாம், வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்குக் கடை அடைப்பார்கள், அதற்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். போயா என்னும் பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடை திறக்காது, இலங்கைக் கலண்டர் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. கரையோர ஊர்களில் தமிழே போதும், ஆனால் அம்பாறை நகரச் சந்தையில் சிங்களம்தான் அதிகம். "கீயத" என்று விலை கேட்டு, விரலைக் காட்டியே பலர் சமாளிக்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

அரிசி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அம்பாறையும் மட்டக்களப்பும் நெல் பூமி. பெரும்போக (மழைக்கால நெல்) அறுவடை மாசி, பங்குனியில் முடிந்ததும் புது அரிசி வரும், ஆலையிலேயே போய் வாங்கலாம். ஆனால் புது அரிசிக்கு வழக்கமான அளவு தண்ணீர் வைத்தால் குழைந்துவிடும், சிவப்பரிசியோ வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பொன்னி சாப்பிட்டுப் பழகிய வீடு என்றால் முதலில் இரண்டு கிலோ வாங்கிச் சமைத்துப் பாருங்கள், பிடித்தால் பிறகு மூட்டையாக எடுக்கலாம்.