மூடிய கோப்பு மூடியதுதானா? நெட்வொர்க் ஷேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர் டிஸ்க்கில் ஒழுங்காக ஓடிய புரோகிராமை என்எஃப்எஸ் அல்லது எஸ்எம்பி ஷேருக்கு (சர்வரில் இருக்கும் கோப்புறையை நெட்வொர்க் வழியே பகிரும் இரண்டு முறைகள்) மாற்றினால், பெரும்பாலும் ஓடும். எப்போதாவது மட்டும் உதைக்கும். இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் இந்த ரேஸ் கண்டிஷன்களில் பல, கோப்பை மூடும் இடத்தில்தான் பிறக்கின்றன. கோப்பை மூடச் சொல்லும் க்ளோஸ் அழைப்பு திரும்பி வந்தால் உங்கள் மெஷினில் வேலை முடிந்தது, அவ்வளவுதான். சர்வரும் மற்ற மெஷின்களும் என்ன பார்க்கின்றன என்பது தனிக் கேள்வி.

முதல் தவறு, க்ளோஸ் தரும் பதிலைப் பார்க்காமல் விடுவது. என்எஃப்எஸ்ஸில் நீங்கள் எழுதுவது முதலில் உங்கள் மெமரியில்தான் தங்குகிறது. மூடும்போதுதான் மிச்சமெல்லாம் சர்வருக்குப் போகிறது. டிஸ்க் நிறைந்துவிட்டது, கோட்டா தாண்டிவிட்டது என்ற பிழைகள் அப்போதுதான் தெரியவரும். அதற்காகப் பிழை வந்ததும் மறுபடி க்ளோஸைக் கூப்பிடாதீர்கள். திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் லினக்ஸ் ஓர் எண் தருகிறது; அந்த எண் முதல் அழைப்பிலேயே விடுவிக்கப்பட்டுவிடும். அதற்குள் வேறு த்ரெட் (அதே புரோகிராமில் இணையாக ஓடும் இன்னொரு வேலை) ஒரு கோப்பைத் திறந்து அதே எண்ணைப் பெற்றிருந்தால், நீங்கள் மூடுவது அதன் கோப்பை. எஃப்சிங்க் (எழுதியதை உடனே சேமிக்கச் சொல்லும் அழைப்பு) செய்து பிழை பாருங்கள், அப்புறம் ஒரே ஒரு முறை மூடுங்கள்.

படிக்கும் பக்கத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. 'அளவு சில நொடிகள் மாறவில்லை, ஆக எழுதி முடித்துவிட்டார்கள்' என்று முடிவு கட்டும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையண்ட் ஒரு கோப்பின் அளவையும் நேரத்தையும் இயல்பாக 3 முதல் 60 நொடி வரை கேச்சில் (தற்காலிக நினைவில்) வைத்திருக்கும். நொடிக்கொரு முறை ஸ்டாட் செய்தால் (கோப்பின் அளவு, நேரம் போன்ற விவரங்களைக் கேட்டால்) அதே பழைய எண்ணையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், அங்கே எழுத்து ஓடிக்கொண்டிருந்தாலும். என்எஃப்எஸ் தரும் உறுதி வேறு: ஒருவர் மூடிய பிறகு இன்னொருவர் புதிதாகத் திறந்தால் புதியதைப் பார்ப்பார். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவருக்கு அந்த உறுதி இல்லை.

எஸ்எம்பியில் தொல்லை வேறு மாதிரி. க்ளோஸ் கோரிக்கையை அனுப்பிவிட்டு, பதில் வருமுன் அதே கோப்பைத் திறக்கவோ அழிக்கவோ கேட்டால், சர்வர் இரண்டையும் அனுப்பிய வரிசையில்தான் முடிக்கும் என்று நம்ப முடியாது. முந்தைய ஹேண்டில் (திறந்த கோப்பைக் குறிக்கும் அடையாளம்) உயிரோடிருந்தால், கோப்பு வேறு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் 'ஷேரிங் வயலேஷன்' பிழை வரலாம், விண்டோஸில் அதன் எண் 32. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில், எழுதும் ஸ்ட்ரீமின் 'ஃபினிஷ்' நிகழ்வு (எழுதி முடிந்தது, இன்னும் மூடவில்லை) வந்ததுமே கோப்பை அழிப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். காத்திருக்க வேண்டியது 'க்ளோஸ்' நிகழ்வுக்கு.

இதோடு ஹேண்டில் லீஸும் (ஹேண்டிலை வைத்துக்கொள்ள சர்வர் தரும் தற்காலிக அனுமதி) சேர்கிறது. எஸ்எம்பி 2.1இல் வந்த இந்த வசதியால், புரோகிராம் மூடிய பிறகும் கிளையண்ட் ஹேண்டிலைக் கையில் வைத்திருந்து, சீக்கிரமே மறுபடி திறந்தால் அதையே தரலாம். லினக்ஸ் கிளையண்டில் இந்தத் தள்ளிப்போட்ட க்ளோஸ் 5.13 கெர்னலில் வந்தது. வேறு மெஷின் குறுக்கிட்டால் சர்வர் லீஸை முறிக்கும், கிளையண்ட் அப்போது மூடும். அந்த இடைவெளியில் உங்கள் புரோகிராமே கோப்பை மறுபடி திறந்துவிட்டால், எதிர்ப்பக்கம் தோல்விதான். ஷேரிங் வயலேஷனை நிரந்தரப் பிழையாக நினைக்காமல், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே சில முறை முயலுங்கள்.

நடுவில் இரண்டு நொடி ஸ்லீப் போடுவது? சரி, டெமோவில் ஓடும். சுமை ஏறினால் இரண்டு நொடி போதாது. அதைவிட, அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, மூடி, பதில் வந்த பிறகு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். கோப்புறைப் பட்டியலும் கேச்சில் இருப்பதால் புதிய பெயர் தாமதமாகத் தெரியலாம், ஆனால் பாதி எழுதிய கோப்பு யார் கையிலும் சிக்காது.

சந்தேகம் தீராவிட்டால், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் எஸ்எம்பி பாக்கெட்டுகளைப் பிடித்து, க்ளோஸுக்குப் பதில் வருமுன் அடுத்த கோரிக்கை கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.