உளநல சேவையை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கொண்டுபோக முன் எதையெல்லாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்?

ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவிலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ இந்தப் பேச்சு வந்தால் முதல் வார்த்தையிலேயே கட்டிடம் வந்துவிடும். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஒரு குடும்பத்தின் கிளினிக் நாளைக் கணக்குப் பாருங்கள். மண்டூரில் இருந்து ஒருவர் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும், அவரைத் தனியே அனுப்ப முடியாதென்றால் அம்மாவோ அண்ணனோ கூட வர வேண்டும், ஆக இரண்டு பேரின் நாட்கூலி போகும். வயல் வெட்டுக் காலத்தில் யார் வருவார்கள்? மாரியில் வீதி வெள்ளத்தில் மூடினால்? மருந்து நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? பிரதேச வைத்தியசாலையில் மாதம் ஒரு கிளினிக் வைக்கலாம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் உத்தியோகத்தரை அமர்த்தலாம், பகல் பராமரிப்பு நிலையம் தொடங்கலாம், இருக்கிற வைத்தியர்களுக்கே பயிற்சி கொடுக்கலாம். கடைசி வழி மலிவு, ஆனால் பயிற்சி எடுத்தவர் இடமாற்றத்தில் போனால் எல்லாம் முதலில் இருந்து. பகல் நிலையம் நல்லதுதான், தினமும் வந்துபோக பஸ் இருந்தால்.

என்னைக் கேட்டால் முதல் இரண்டையும் பிரிக்காதீர்கள். மனநோய்க்கு மாத ஊசி போடுகிறவர்களின் பதிவேட்டை எடுத்து, அன்று வராதவர்களின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, அந்தக் கிழமைக்குள்ளேயே ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்த வீடுகளுக்குப் போய், ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருக்கும் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்து, வீட்டாரோடு இருந்து கதைத்துவிட்டு வர வேண்டும். இந்த வேலை நடக்காத இடத்தில் கிளினிக் பக்கத்து வீட்டில் இருந்தாலும் பயனில்லை. ஒன்று கவனியுங்கள்: மற்ற மருந்துக்குக் கேட்காத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் மருந்தைத் தொடங்குகிறவருக்கு ஆரம்ப மாதங்களில் கிழமைக்கு ஒரு தரம் இரத்தம் பார்க்க வேண்டும், மாதக் கிளினிக்கை மட்டும் நம்பி அவரை இங்கே மாற்றக் கூடாது.

கிளினிக்கைச் சீனி, பிரஷர் கிளினிக் நாளிலேயே வையுங்கள், யார் எதற்கு வந்தார் என்று ஊருக்குத் தெரியாது. கல்யாணம் பேசும் வயதில் பிள்ளை இருக்கும் தாய்க்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் கதவு சாத்திக் கதைக்க ஒரு அறை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலைக் குறைத்து அந்தக் காசில் ஊருக்குள் செய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இத்தாலி 1978இல் 180ஆம் இலக்கச் சட்டத்தால் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளை மூடத் தொடங்கியது. ஊர் நிலையங்களை ஒழுங்காகக் கட்டியெழுப்பிய திரியெஸ்தே நகரம் நன்றாகச் செய்தது, அப்படிச் செய்யாத பகுதிகளில் பாரம் முழுக்கக் குடும்பங்களின் தலையில் விழுந்தது. இங்கேயும் நடுச்சாமத்தில் ஒருவருக்குக் கடுமையாகிவிட்டால் யார் வருவது, எந்த ஆஸ்பத்திரி எடுப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். 1990 அம்புலன்ஸ், 1926 உளநல உதவி இலக்கம் இரண்டையும் கொப்பி மட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.

பூசாரியையும் மௌலவியையும் கூட்டத்துக்கு அழையுங்கள். சனம் முதலில் போவது அவர்களிடம்தான், அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஆள் கிளினிக்குக்கு வருவார்.

ஆறு மாதம் போனதும் பதிவேட்டைத் திறந்து, எத்தனை பேர் வராமல் விட்டார்கள், அவர்களில் எத்தனை பேரை வீட்டில் போய்ப் பார்த்தோம் என்று எண்ணுங்கள். பார்த்தவர்கள் குறைவென்றால் இரண்டாவது கிளினிக் நாளைப் பற்றிப் பேச வேண்டாம், முதலில் உத்தியோகத்தருக்குப் பெற்றோல் காசு தேடுங்கள்.