கார் இல்லாமல் பிச்சாவரம்: வளர்ந்த பிள்ளைகளோடு கடலூரிலிருந்து ஒரு நாள்

12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் அலுத்துவிடும், பஸ்ஸில் அரை டிக்கெட்டும் கிடையாது. அதனால் வழிச்செலவு குறைவாகவும், போன இடத்தில் பார்க்க நிறையவும் இருக்க வேண்டும். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், படகில் சுற்றிப் பார்க்கும் சதுப்புநிலக் காடான பிச்சாவரம் இரண்டுக்கும் பொருந்தும். ஒரே நிபந்தனை: காலை 9, 9.30 மணிக்குள் படகுத்துறையில் இருக்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் நாள் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றாலே படகை நிறுத்திவிடுவார்கள். கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வரிசையில் நின்றே வெயில் ஏறிவிடும். பள்ளி விடுமுறையில் வரும் வார நாள் சிறந்தது.

அடுத்தது பணம். படகுக்கு ஆள் கணக்கில்லை, படகு கணக்கு. துடுப்புப் படகில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். நீங்கள் இரண்டு பேர்தான் என்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு பாதியாகும். பஸ்ஸுக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகத் தனியே எடுத்து மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் அவர்கள் வேலை. இந்த வயதில் பொறுப்பு கொடுத்தால்தான் பயணத்தில் மனசு ஒட்டும்.

காலை 6.30 மணிக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் பஸ் ஏறுங்கள். 45 கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் பாசஞ்சர் ரயில் பிடித்தால் இன்னும் மலிவு. ஆனால் உங்கள் நேரத்துக்கு வண்டி இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு, பிச்சாவரம் போகும் டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டு ஏறுங்கள். கிள்ளை வழியாக அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடும். தமிழக அரசின் சாதாரண கட்டண டவுன் பஸ் என்றால் அம்மாவுக்கும் மகளுக்கும் கட்டணமே இல்லை.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரங்களைக் கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டு ஆட்டோ பிடித்தால், அதுவரை மிச்சம் பிடித்த காசு அத்தனையும் அதற்கே போய்விடும்.

படகில் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்வழியில்தான் ஓடும். மரங்கள் கூரையாகக் கவிந்த குறுகிய வாய்க்காலுக்குள் போகாது. எந்த வழி, எவ்வளவு நேரம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சில வாய்க்காலுக்குள் துடுப்புப் படகும் நுழையாது. உயிர்காப்பு உடையின் வார்களை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகளைப் பேச்சைக் குறைத்து வேர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சுரபுன்னைக்குக் கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வளைந்து இறங்கும் தாங்குவேர். அலையாத்திக்குச் சேற்றிலிருந்து விரற்கடை விரற்கடையாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து காற்று வாங்குகிறது. அலையாத்தி இலையில் சில சமயம் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அது மரம் வெளியேற்றிய உப்பு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டில் உண்டு. அதை மட்டும் தொட விடாதீர்கள். இலையைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு பார்வையும் மங்கும். எந்த இலையையும் பறிக்க வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. 2022 முதல் இந்தக் காடு, உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, புளியோதரை போதும். நாலு பேருக்கு அரைப் படி அரிசிக்குக் குறைவாக வடித்தாலே சரியாக இருக்கும். தயிர்சாதம்தான் வேண்டும் என்றால் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். மதியத்துக்குள் தானே உறைந்துவிடும். தயிரையே ஊற்றினால் புளித்துப்போகும்.

மதியம் சிதம்பரம் திரும்பும்போது நடராசர் கோயில் நடை சாத்தியிருக்கும், மாலையில்தான் திறப்பார்கள். பிள்ளைகள் களைத்திருந்தால் நேரே கடலூர் பஸ் ஏறிவிடுங்கள். தெம்பிருந்தால் நிழலில் இளைப்பாறிவிட்டு மாலையில் கோபுர வாயில்களின் உட்சுவரில் நடன நிலைகளைக் காட்டும் 108 கரணச் சிற்பங்களைப் பாருங்கள். நடனம் பழகும் பிள்ளை என்றால் அங்கேயே ஒரு மணி நேரம் போகும்.

புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் கடலூரில் மாறாமல் நேரடிச் சிதம்பரம் பஸ்ஸே பிடிக்கலாம், 5.30 மணிக்குக் கிளம்பினால் இதே நேரத்துக்குப் படகுத்துறை சேரலாம்.