ஒரு டிக்கெட், நான்கு பருவங்கள்

இங்கிலாந்தில் பழைய கிராமப்புற மாளிகை ஒன்றைப் பார்க்கப் போனால், வெளியே வரும் முன்பே டிக்கெட் கவுன்டரில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஒருநாள் டிக்கெட்டை வருட பாஸாக மாற்றித் தருவீர்களா?" ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள பிளெனிம் அரண்மனை இந்த வசதிக்குப் பெயர்போனது. வேறு சில இடங்களிலும் உண்டு. வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால் நடக்காமல் போகலாம்.

காரணம் கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகை. மாளிகையை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒருவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. 20 பவுண்டுக்கு 5 பவுண்டு. நுழைவுக் கட்டணத்துக்கு இது கிடைக்க வேண்டுமானால், பார்வையாளர் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும், அல்லது மாளிகை ஒரு வருட அனுமதி தர வேண்டும். இரண்டாவது வழியில் உங்களுக்குத்தான் லாபம்: பிப்ரவரியில் பனித்துளிப் பூக்கள், ஏப்ரல் கடைசியில் டூலிப், ஜூனில் ரோஜா, அக்டோபர் இறுதியில் செம்பழுப்பு இலைகள், எல்லாம் ஒரே டிக்கெட்டில். குளிர்காலத்தில் பல மாளிகைகளின் உள்ளறைகளை மூடிவிடுவார்கள். அதனால் அறைகளை முதல் தடவையே பார்த்துவிடுங்கள், தோட்டம் காத்திருக்கும்.

பிரிட்டனில் வருமான வரி கட்டாதவர்கள், அதாவது ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா போன்றவர்கள், கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால், அரசு சேர்த்துத் தந்த தொகையை வரித்துறை அவர்களிடமே கேட்கலாம். அவர்களுக்கு 10 சதவீதம் சேர்க்காத சாதாரண விலை போதும். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் மாளிகைகளில் டிக்கெட்டை வருட பாஸாக மாற்றித் தர மாட்டார்கள், அங்கே உறுப்பினர் அட்டைதான் வழி. கிறிஸ்துமஸ் விளக்கு விழாக்களுக்குப் பெரும்பாலும் தனி டிக்கெட்.