எடையைப் பார்க்காதீர்கள், உயரத்தை அளந்து பாருங்கள்: ஓ.டி.யில் நல்ல நுரையீரலுக்கு வென்டிலேட்டர் செட்டிங்

புதுச்சேரி, கடலூர் பக்கம் அனஸ்தீசியா டெக்னாலஜி படித்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு (ஓ.டி.) புதிதாக வருகிற தம்பி, தங்கைகள் பலரும் கேட்கும் கேள்வி இது: “பித்தப்பைக் கல்லுக்குத்தானே வந்திருக்காங்க, நுரையீரல் நல்லாத்தானே இருக்கு, டைடல் வால்யூம் 500 வச்சா என்ன அண்ணா?”

டைடல் வால்யூம் என்பது ஒவ்வொரு மூச்சிலும் வென்டிலேட்டர் உள்ளே தள்ளும் காற்றின் அளவு, மி.லி.யில். நல்ல நுரையீரலும் மயக்கத்தில் மாறிவிடும். ஆளைப் படுக்க வைத்து மயக்கம் கொடுத்ததும் உதரவிதானம் மேலே ஏறும், முதுகுப் பக்கத்துக் காற்றுப்பைகள் சில மூடிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு இது நடக்கிறது. மீதி திறந்திருக்கும் பகுதிக்குள் மொத்தக் காற்றையும் தள்ளினால் அது அளவுக்கு மீறி விரியும். சுருங்கிக் கிடக்கும் இடமும் அதிகம் விரிந்த இடமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் சேதம் வருகிறது.

இயந்திரத்தின் செக் லிஸ்ட், டியூப் போட்டதை உறுதி செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக செட்டிங்குக்கு வருகிறேன். கடைசி முடிவு மயக்க மருத்துவருடையது. ஆனால் கணக்கைப் போட்டுத் தயாராக வைத்திருப்பது நம் வேலை.

1. உயரம்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். கேஸ் ஷீட்டில் எடை இருக்கும், உயரம் எழுதும் இடம் காலியாக இருக்கும். உடனே கிலோவுக்கு 8 மி.லி. என்று எடையை எட்டால் பெருக்கி டைடல் வால்யூம் வைத்துவிடுகிறார்கள். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அதன் அளவு உயரத்தோடும், ஆணா பெண்ணா என்பதோடும் போகிறது.

கணக்கு இப்படி: உயரத்தை செ.மீ.யில் எடுத்து 152.4-ஐக் கழியுங்கள். வந்ததை 0.91-ஆல் பெருக்குங்கள். ஆண் என்றால் அதோடு 50, பெண் என்றால் 45.5 கூட்டுங்கள். இதுதான் கணிப்பு எடை.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 150 செ.மீ., எடை 78 கிலோ. கணிப்பு எடை சுமார் 43 கிலோதான். கிலோவுக்கு 7 மி.லி. வீதம் 300 மி.லி. போதும். 78-ஐ எட்டால் பெருக்கியவர் 624 வைப்பார். அந்த அக்காவின் நுரையீரலுக்கு அது கிலோவுக்கு 14 மி.லி.க்கு மேல்!

ஃபோன் ஆப்பை விட எனக்குப் பிடித்தது தையல்காரர் இன்ச் டேப்பும், டிராலியில் ஒட்டிய ஓர் அட்டையும்தான். 145 முதல் 180 செ.மீ. வரை ஆண், பெண் இரண்டுக்கும் கணக்குப் போட்டு எழுதி லேமினேட் செய்துவிடுங்கள். நோயாளி படுத்திருந்தால் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப்பை நீட்டினால் ஆயிற்று.

2. டைடல் வால்யூமும் பீப்பும் சேர்ந்தே

கணிப்பு எடைக்கு, கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. பீப் (மூச்சை வெளியே விட்ட பிறகும் காற்றுப்பைகள் மூடாமல் தாங்கும் அழுத்தம்) 5. இரண்டையும் பிரிக்காதீர்கள். சிறிய மூச்சு கொடுத்தால் நுரையீரல் சுருங்கிப்போகும் என்று 1963-லேயே எழுதினார்கள். அதற்குப் பிறகு 10 முதல் 15 மி.லி. வரை கொடுப்பது பல காலம் வழக்கமாக இருந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். பீப்பைப் பூஜ்யத்தில் விட்டு மூச்சை மட்டும் குறைத்தால் இன்றும் அதுதான் நடக்கும்.

2013-இல் பிரான்சில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 400 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு 6–8 மி.லி.யோடு பீப், இடையிடையே நுரையீரலை விரித்துவிடுவது; மறு பாதிக்கு 10–12 மி.லி., பீப் இல்லை. பெரிய சிக்கல்கள் முதல் பிரிவில் 10.5 சதவீதம், இரண்டாவதில் 27.5. அதற்காக பீப்பை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வில் பீப் 12 வைத்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல் குறையவில்லை, ரத்த அழுத்தம் இறங்குவதுதான் அதிகமானது. 2020-இல் இரு பக்கமும் பீப் 5 வைத்து 6 மி.லி.யையும் 10 மி.லி.யையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் 6-ஆ, 7-ஆ என்று யாரோடும் சண்டை போட வேண்டாம். 14-க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ரேட், ஆக்சிஜன்

ரேட் (நிமிடத்துக்கு எத்தனை மூச்சு) 12–14-இல் தொடங்கி, ஈ.டி.சி.ஓ.2 (வெளிமூச்சின் கடைசியில் வரும் கார்பன் டை ஆக்சைடு) 35–40-இல் நிற்கும்படி கூட்டிக் குறையுங்கள். டியூப் போட்டு எல்லாம் நிலைப்பட்ட பிறகும் 100 சதவீத ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆக்சிஜன் சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும், காற்றுப்பை வெறுமையாகி மூடிக்கொள்ளும். சாச்சுரேஷன் நன்றாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு இறக்குங்கள்.

4. பிளாட்டோ

பீக் பிரஷரை (மூச்சு உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம்) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டியூப் மடங்கினாலும், சளி அடைத்தாலும் பீக் ஏறும். இன்ஸ்பிரேட்டரி பாஸ் வைத்து, அதாவது உள்மூச்சின் முடிவில் காற்றைக் கொஞ்சம் நிறுத்தி, அப்போது நிற்கும் அழுத்தமான பிளாட்டோவைப் பாருங்கள். அதிலிருந்து பீப்பைக் கழித்தால் டிரைவிங் பிரஷர். பிளாட்டோ 17, பீப் 5 என்றால் 12, நல்லது. 15-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கேஸ் ஏற்றியதும் இது எப்படியும் ஏறும், ஈ.டி.சி.ஓ.2-வும் ஏறும். அப்போது வால்யூமைத் தொடாமல் ரேட்டைக் கூட்டுவதுதான் என் வழக்கம்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒரு தங்கை, “300 வச்சேன், மானிட்டர்ல 460 காட்டுது” என்று கேட்டிருந்தார். பழைய இயந்திரம். அதில் ஃபிரெஷ் கேஸ் ஃப்ளோவும் (இயந்திரத்துக்குள் புதிதாக ஓடிவரும் ஆக்சிஜன், மயக்க வாயு) மூச்சோடு சேர்ந்து உள்ளே போகும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஃப்ளோ, ரேட் 12, ஐ-ஈ விகிதம் (உள்மூச்சு, வெளிமூச்சு நேரம்) 1:2 என்றால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 167 மி.லி. கூடும். புதிய இயந்திரங்கள் பலவும் இதைத் தாமே கழித்துக்கொள்ளும். உங்களுடையது கழிக்கிறதா என்று தெரிய ஃப்ளோவை 2-லிருந்து 6-க்கு ஏற்றி, வெளிமூச்சு வால்யூம் கூடுகிறதா பாருங்கள். இதை டெஸ்ட் லங் (நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் பை) மாட்டித்தான் பார்க்க வேண்டும், நோயாளியிடம் வேண்டாம். கூடினால், செட் செய்த எண்ணை விட்டுவிட்டு, வெளிமூச்சு எண்ணை 300-க்குக் கொண்டுவாருங்கள். ஆபரேஷன் நடுவில் ஃப்ளோவை மாற்றினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.