மேல்வீடு கைவிடப்பட்டிருந்தால்: மலைநகரங்களில் வாழ்வோருக்கான வழிமுறை

இலங்கையின் ஹட்டன், நாவலப்பிட்டி, பண்டாரவளை, பதுளை போன்ற மலைநகரங்களில் வீடுகள் படிக்கட்டுகளைப் போல ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்பதால், பூட்டிக் கிடக்கும் வீட்டின் கேடு அதன் வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை; மேல்வீட்டுக் கூரையின் நீர்ப்பீலி உடைந்த நாளிலிருந்தே கீழ்வீட்டின் பின்சுவர் நனையத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அத்தகைய வீட்டின் அருகில் குடியிருப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது நீர் செல்லும் வழியை. உரிமையாளர் யார் என்ற கேள்விகூட அதற்கு அடுத்ததுதான்.

நல்ல மழை பெய்யும் நாளொன்றில், உங்கள் காணியில் நின்றபடியே மேல்வீட்டின் கூரைநீர் எங்கே விழுகிறது, கான் (வடிகால்) அடைபட்டிருக்கிறதா, மண்ணைத் தாங்கும் கல்கட்டிலுள்ள நீர்த்துளைகள் தூர்ந்துபோய் அதன் நடுப்பகுதி வெளியே தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். அதே இடத்திலிருந்து மாதம் ஒரு முறை திகதியுடன் புகைப்படம் எடுத்து வையுங்கள். நிலத்தில் புதிய வெடிப்புகள் தோன்றினாலோ, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தாலோ, கதவுகள் திடீரென இறுகினாலோ, இல்லாத இடத்தில் ஊற்றுப் பிறந்தாலோ, இருந்த ஊற்றுக் கலங்கினாலோ, அவை மண்சரிவின் முன்னறிகுறிகளாகும். அப்போது கடிதம் எழுதிக்கொண்டிராமல் வீட்டைவிட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, சரிவைப் பரிசோதிக்குமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கோர வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையைத் தாங்கிய சரிவுகளில் இதைத் தள்ளிப்போட இடமே இல்லை.

அடுத்து உரிமையாளரைத் தேட வேண்டும். இங்கு பல வீடுகள் பூட்டப்பட்டதற்குப் பின்னால் சோம்பலைவிடப் பெரிய காரணங்கள் உண்டு: இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை குறித்து 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்கள், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வெளிநாடு சென்றவர்கள், பாட்டனார் பெயரிலேயே காணி உறுதி நிற்க ஐந்து நாடுகளில் சிதறிய வாரிசுகள். நகரசபை அல்லது மாநகரசபையின் சோலைவரி (வீட்டுவரி) பதிவேட்டில் மதிப்பீட்டு இலக்கத்தைக் கொண்டு ஒரு பெயரைப் பெறலாம். அது பெரும்பாலும் இறந்தவர் ஒருவரின் பெயராகவே இருக்கும். காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்வையிட்டால் பிந்திய கைமாற்றங்கள் தெரியவரும். ஆனாலும் என் அனுபவத்தில், கிராம உத்தியோகத்தரும் அதே தெருவில் நாற்பது ஆண்டுகள் கடை நடத்திய முதியவரும் பதிவேட்டைவிட விரைவாக வழிகாட்டுவார்கள்.

உரிமையாளருக்கு எழுதும் முதற் கடிதத்தில் குற்றச்சாட்டைவிடப் புகைப்படங்களே பேசட்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, பிறர் காணியை எதிர்உரிமையுடன், அதாவது உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், பத்து ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் அதற்கு உரிமை கோர முடியும் என்பதைத் தூரத்திலிருப்போர் நன்கறிவார்கள். கான் வெட்ட வருபவர் காணியைப் பிடிக்க வருகிறாரோ என்று அவர்கள் ஐயுறுவதும் நியாயமே. எனவே, “இந்த வேலையால் எனக்கு எந்த உரிமையும் ஏற்படாது” என்ற வாக்கியத்தைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். எழுத்துமூல அனுமதி வரும் வரை உள்ளே காலெடுத்து வைக்க வேண்டாம். பெரிய திருத்தமென்றால் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகச் செயற்படும் எழுத்துமூல அதிகாரம்) பெற்ற உறவினர் ஒருவர் முன்நிற்பது நல்லது.

அனுமதி கிடைத்ததும் மேசன் பாஸ் ஒருவரை அழைத்து வந்தால், அவர் பெரும்பாலும் சுவர் பூசுவதிலிருந்தே பேச்சைத் தொடங்குவார். இணங்காதீர்கள். முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்கச் செய்து, கானைத் திறந்து, பீலியை மாற்றி, கூரையை மூட வேண்டும்; சுவர் உலர்ந்த பிறகே பூச்சு. வெள்ளையர் காலத்துக் கல்வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கல்லின் பிடிப்பு தளரும். அங்கு சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும், ஆகவே அடியோடு அறுத்து வேரைச் சாகவிட வேண்டும். பழைய அஸ்பெஸ்டோஸ் தகடுகளை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கத்தில் பெப்ரவரி, மார்ச் மாதங்களும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும் கூரை வேலைக்கு ஏற்றவை.

பதிலே வராவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் செல்லுங்கள். தேங்கிய நீரில் நுளம்பு பெருகினால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். குளிர்மிக்க நுவரெலியாவைவிடக் கண்டி, மாத்தளை நகரங்களில் இந்த வழி வலுவானது. இடிந்துவிழக்கூடிய கட்டடம் குறித்து உள்ளூராட்சி சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். உரிமையாளர் உள்ளூரிலேயே இருந்து, தகராறு எல்லைச்சுவரை அல்லது கானைப் பற்றியதாயின் மத்தியஸ்த சபையை நாடலாம். கட்டடம் வழிப்போக்கருக்கோ அயலவருக்கோ ஆபத்தாக இருந்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி அதைத் திருத்தவோ அகற்றவோ நீதவான் கட்டளையிடலாம். அதுவரை அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் பதிவுத் தபாலில் போயிருக்க வேண்டும். பற்றுச்சீட்டுகளை அந்தப் புகைப்படங்களுடனேயே கோப்பில் வையுங்கள், சட்டத்தரணி முதலில் கேட்பது அவற்றைத்தான்.