இசையமைப்பாளரின் சொத்து: உயிலிலும் அதற்குப் பிறகும் நடக்கும் தவறுகள்

இறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா பார், வங்கியில் எழுதிக் கொடு என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். கடலூரிலும் புதுச்சேரியிலும் மெட்டமைத்தவர்களின் குடும்பங்கள் மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு.

நோட்டு யாருக்கோ பாட்டும் அவருக்கே என்பது

உயிலில் வீட்டுக்குச் சர்வே எண், நான்கெல்லை, கிணற்றுப் பங்கு என்று பக்கம் பக்கமாக ஓடும். ஆயுள் முழுக்கப் போட்ட பாட்டுகளுக்கு மட்டும் ‘என் இசை நோட்டுகள் என் சிஷ்யனுக்கு’ என்று ஒற்றை வரி. பாதி வழக்குக்கு வித்து அந்த வரிதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 20ஆம் பிரிவு: உயில்வழியே கையெழுத்துப் பிரதி ஒருவருக்குப் போனால், அதுவரை வெளிவராத படைப்பின் உரிமையும் கூடவே போகும், வேண்டாமென்றால் உயிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெளிவந்த பாட்டுக்கு இது செல்லாது. அங்கே சிஷ்யருக்குக் காகிதம்தான் மிச்சம். ஆக, ஒரே நோட்டில் 12ஆம் பக்கத்து மெட்டு சிஷ்யருக்கு, 13ஆம் பக்கத்து மெட்டு பிள்ளைகளுக்கு. எது எப்போது வெளிவந்தது என்று காட்ட, பழைய கேசட் உறைகளையும் வானொலி ஒப்பந்தக் கடிதங்களையும் பரண் மேலிருந்து இறக்க வேண்டும். அதற்குள் இரு தரப்பும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கும்.

உயிலோடு ஒரு அட்டவணை வையுங்கள்: பாட்டின் முதலடி, வரி எழுதியவர், வெளியான ஆண்டு, யாருக்கு எந்த ஒப்பந்தத்தில் கொடுத்தது. நோட்டு யாருக்கு, உரிமை யாருக்கு என்று தனித்தனி வரி. பாட்டு வரிகள் கவிஞருடையவை, அவற்றை எழுதிவைக்க இவருக்கு உரிமையில்லை. சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

கூடச் சேர்ந்தவர் யார் என்று எழுதாமல் விடுவது

பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ரவேல் 1937இல் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்து தம்பிக்குப் போனது. தம்பி 1960இல் இறந்ததும் அது குடும்பத்துக்கு வெளியே போக, உறவினர்கள் வழக்காடினார்கள். ரவேலின் ‘பொலேரோ’ என்ற பாலே இசை பிரான்சில் 2016 மே மாதம் உரிமைக்காலம் முடிந்து யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம் என்றான பிறகும் விவகாரம் ஓயவில்லை. அந்தப் பாலேவுக்கு மேடை வடிவமைத்த அலெக்சாந்தர் பெனுவாவும் கூட்டுப் படைப்பாளர்தான் என்று இருவர் தரப்பு உரிமைதாரர்களும் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருந்தால், ரவேலுக்குப் பின் இறந்த பெனுவாவை வைத்து எண்ணி 2039 வரை பணம் வந்திருக்கும். 2024 ஜூனில் பிரான்சின் நாந்தேர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கூடச் சேர்ந்தவர் யார், யார் இல்லை என்று உயிருள்ளபோதே எழுதிவையுங்கள்.

ஆண்டுக் கணக்கு

இந்தியாவில் பாட்டின் பதிப்புரிமைக் காலத்தை, இசையமைத்தவர் இறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை வைத்துத் தனிக் கணக்கு.

தாயாரை விட்டுவிடுவது

உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் அப்படியல்ல.

புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பம் என்றால்

பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். மேலே சொன்ன வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது. பிரெஞ்சு சிவில் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள்.

பழைய டேப் சுருளை எடைக்குப் போடுவது

வேண்டவே வேண்டாம்.

துக்க வீட்டில் கையெழுத்து

பாட்டுரிமை வாங்க முன்பணத்தோடு வருகிறவர் நீட்டும் தாளில் மூன்று இடம் பாருங்கள்: எந்தப் பாட்டு, எத்தனை ஆண்டு, எந்த நாடு. காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக, உலகமெங்கும்’ என்று அச்சடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயருள்ள எல்லோரும் உட்கார்ந்து படிக்கிற வரை பேனாவைத் தொடாதீர்கள்.